மீசை வைத்த ஹால் டிக்கெட்

அக்கா நுழைவுத் தேர்வு எழுதிய அந்தக் கோடையில், உழவர்கரையில் எங்கள் வீடு தண்ணீருக்கடியில் கிடந்ததுபோலத்தான் நினைவிருக்கிறது. டிவி மீது அம்மாவின் பழைய புடவை. விசில் அடிக்கும் என்று குக்கரைப் பரணில் ஏற்றியாயிற்று. பன்னிரண்டாம் வகுப்பில் அக்கா வாங்கிய மார்க் மட்டும் போதாதாம்; இந்தப் பரீட்சையும் சேர்ந்தால்தான் டாக்டர் சீட். மில் மூடியபின் ஆட்டோ ஓட்டிவந்த அப்பா, பெரிய ஆஸ்பத்திரி வாசலில் சவாரியை இறக்கிவிடும்போதெல்லாம், தன் மகள் அங்கே டாக்டராகப் போவதைக் கேட்காதவர்களிடமும் சொல்லிவைத்திருந்தார். எனக்கு ஏழு வயது. என்னிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. அந்த நல்ல பெயரை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன்.

பரீட்சைக்கு முதல் நாள் ஹால் டிக்கெட்டைப் பிள்ளையார் பாதத்தில் வைத்து வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று மாலை வருங்கால டாக்டர்களும் என்ஜினியர்களும் கோவிலில் முண்டியடித்தார்கள். குருக்கள் மடித்த தாள்களை எல்லாம் ஒரே தட்டில் வாங்கி, தீபம் காட்டி, திருநீறு தூவித் திருப்பித் தந்தார். அம்மா எங்களுடையதை மஞ்சள் துணியில் சுற்றினாள். பரீட்சை வாசல்வரை பிரிக்கக் கூடாது, அருள் போய்விடும்.

மறுநாள் பரீட்சை வாசலில் அம்மா அதைப் பிரித்தாள்.

“ஏங்க, இன்னாங்க இது? மீசை இருக்குது!”

போட்டோவில் ஒரு பையன் எங்களை முறைத்துக்கொண்டிருந்தான். “எவன்டா நீ?” என்று அப்பா அவனையே கேட்டார். முதல் மணி அடித்துவிட்டது. அடுத்த மணி அடித்தால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அப்பா ஆட்டோவை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் பறந்தார். அம்மா அந்தத் தாளை உயர்த்திப் பிடித்தபடி கூட்டத்தில் மீசை மீசையாகத் தேடிப் போனாள்.

அக்கா ஓடவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு எதிரே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். பெட்டிக்கடையில் கடலைமிட்டாய் வாங்கினாள். கடற்காற்றில் பூ உதிர்ந்து அவள் தலையில் விழுந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை. மாதக்கணக்காகப் பாடங்களோடு மட்டும் முணுமுணுத்தவள், காலை ஆட்டிக்கொண்டு என்னோடு பேசினாள்.

“எழுதலன்னா திட்டுவாங்களாக்கா?”

“யாரைத் திட்டுவாங்க? மாத்திக் குடுத்தது பிள்ளையாரு. அவரைப் போய்த் திட்டச் சொல்லு” என்று சிரித்தாள். அவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. வெயில், காற்று, கூட்டத்தின் இரைச்சல் எல்லாம் எங்கோ தூரத்தில் நடப்பதுபோல இருந்தது.

“கெடைச்சிடுச்சிடி! எழுந்து ஓடு!”

அம்மாதான். பின்னால் மீசைப் பையனும் அவன் அம்மாவும். “எம்புள்ள அழுதே பூட்டான்க்கா” என்றாள் அந்த அம்மாள். தாள்கள் கைமாறின. அதே நேரம் அப்பாவின் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே சட்டையில்லாமல், கையில் தட்டோடு குருக்கள்.

அக்கா எழுந்தாள். மீதி மிட்டாயை என் கையில் வைத்தாள். கண்கள் நிறைந்து வழிந்தன.

“பாருங்க, கொழந்த சந்தோஷத்துல அழுவுது” என்றாள் அம்மா, தானும் மூக்கை உறிஞ்சியபடி.

அடுத்த மணி அடிப்பதற்குள் அக்கா உள்ளே போய்விட்டாள். சந்தோஷம் மிஞ்சினால் மனுஷர்களுக்கு அழுகை வரும் என்று அன்று கற்றுக்கொண்டேன். இவ்வளவு சந்தோஷமான ஒருத்தி என் அக்காவாக வாய்த்ததை எண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்டே அவள் பங்கு மிட்டாயையும் தின்று முடித்தேன்.