வெள்ளத்துக்கு ஒரு கங்கிராட்ஸ்

இந்த ஆடியில் மன்னார்புரத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பெண், என்னிடம் பிஎச்.டி. செய்யும் ஜெசிந்தா. கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் ஆடி ஒரு தடையில்லை. மண்டபமும் சுலபமாகக் கிடைத்ததாம்!

மோதிரம் மாற்றி முடித்த நேரம் என் போனில் ஒரு மெசேஜ். முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்கள்.

நேரே மேடைக்குப் போனேன்.

"கங்கிராட்ஸ்மா... வெள்ளம் வந்துடுச்சு."

வேறு யாராவது இப்படி வாழ்த்துவார்களா? ஆறு எவ்வளவு மண்ணைச் சுமந்து வருகிறது என்று அளப்பது எங்கள் பிழைப்பு. காய்ந்த ஆற்றில் எதை அளப்பது? ஜெசிந்தா மூன்று வருடமாகக் காத்திருந்தாள். அதிலும் முதலில் வரும் தண்ணீரில்தான் மண் அதிகம். அதை விட்டால் அடுத்த வெள்ளம் வரை தீசிஸ் கிடப்பில்தான். ஆனால் பந்தி போடும் நேரத்தில் பெண் எப்படி ஆற்றுக்குப் போவாள்?

பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பா. கங்கிராட்ஸ் என்றதும் எனக்குக் கை கொடுத்தவர், வெள்ளம் என்றதும் கையை எடுத்துக்கொண்டார். கொள்ளிடக் கரையை ஒட்டி அவருக்கு வாழைத்தோட்டம். குலை தள்ளி நிற்கிறதாம். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"சார், நீங்க சொல்லுங்க. எங்க தோட்டத்துல வண்டல் படியுமா, மணல் ஏறுமா?"

வண்டல் என்றால் நிலத்துக்கு உரம். மணல் என்றால் பாழ். முப்பது வருடமாக இதையே பாடம் நடத்துகிறேன்.

"தெரியலைங்க. இந்தத் தண்ணிய அளந்து பார்த்தாத்தான் ஏதாவது சொல்ல முடியும்."

"யாரு அளக்கணும்?"

ஜெசிந்தாவைக் காட்டினேன்.

"அப்பறம் ஏம்மா இங்க நின்னுக்கிட்டிருக்க?" என்றவர், மகனிடம் கார் சாவியை நீட்டினார்.

ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, கொள்ளிடப் பாலத்தில், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் என் காரில் எப்போதும் கிடக்கும் சாம்பிள் பாட்டிலைக் கயிறு கட்டி ஆற்றில் இறக்கினாள். மாப்பிள்ளை கயிற்றைப் பிடித்துக்கொண்டான். பாட்டிலில் ஏறிய தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. விருந்து ஆறிப் போயிருக்கும்.

போன வாரம், தண்ணீர் வடிந்த பிறகு, மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார்.

"மணல்தாங்க சார். முழங்கால் அளவு..."

அவரே தொடர்ந்தார்.

"மருமகப்பொண்ணு நேத்து வந்து ரெண்டு பை அள்ளிட்டுப் போயிருக்கு. எங்க தோட்டத்து மணல்னு தீசிஸ்ல போடச் சொல்லியிருக்கேன். போடலாம்ல?"

தாராளமாகப் போடலாம் என்றேன்.

மாணவரின் தீசிஸைத் திருத்தும்போது கண் கலங்காத கைடு கிடையாது... இந்த முறை அதற்கு இங்கிலீஷ் காரணமாக இருக்காது.