மூன்று வால் பூச்சி

பூச்சிகளைப் பற்றி எங்கள் வீட்டில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாருமில்லை என்று ஒன்பது வயதில் உறுதியாக நம்பினேன். அந்தத் தலைக்கனத்தை ஏற்றிவிட்டவர் மாமா.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி. ராணுவச் சுற்றிவளைப்பு ஒன்றில் அவரைப் பிடித்துக்கொண்டு போய், எட்டு மாதம் முகாமில் வைத்திருந்து விடுவித்தார்கள். வந்தவர் எங்கள் வளவு வேலியின் கடப்பைத் தாண்டி வெளியே போகவேயில்லை. "றோட்டு வரைக்கும் எண்டாலும் போய்ட்டு வாவன் தம்பி" என்று அம்மா தினமும் கெஞ்சுவார். "நாளைக்குப் போறன் அக்கா" என்பார் மாமா. அந்த நாளை மூன்று மாதமாக வரவில்லை.

வாவியில் தோணி இறக்கக் கூடாது என்று தடை. அப்பா றோட்டுக்கு அந்தப் பக்கத்து வாய்க்காலில் தூண்டில் போட்டுத்தான் எங்கள் கறிக்கு வழி பார்த்தார். பின்னேரங்களில் தண்ணீரிலிருந்து பூச்சிகள் கிளம்பும். மீன்கள் அவற்றுக்குத்தான் துள்ளும்; அப்பாவின் மண்புழுவை ஏறெடுத்தும் பார்க்காது. பூச்சியைத் தூண்டில் முள்ளில் குத்தினாலோ நசுங்கிப்போகும். ஆகவே மாமா வீட்டுக்குள் இருந்தபடியே கோழி இறகை முள்ளில் நூலால் சுற்றி, போலிப் பூச்சி கட்டிக் கொடுத்தார். மீன் எந்தப் பூச்சியைத் தின்கிறது என்று பார்த்து வந்து சொல்லும் உத்தியோகம் எனக்கு.

இரண்டு வால் உள்ள சின்னப் பூச்சியைக் கண்டுபிடிப்பது சுலபம். சிக்கல் மூன்று வால் உள்ளதில்தான். ஒன்றுக்குப் புகை பிடித்தது போல மங்கிய சிறகு, மற்றதற்குக் கண்ணாடிச் சிறகு. உடம்பின் அளவில் வித்தியாசமே இல்லை. இரண்டும் வேறு வேறு சாதி என்று நான் தீர்ப்புச் சொன்னேன். மாமாவும் தலையாட்டினார். அதன் பலனாகச் சாம்பல் கோழியும் வெள்ளைக் கோழியும் மாறி மாறி இறகை இழந்தன.

ஒருநாள் பின்னேரம் மங்கல் சாதியில் ஆறு பிடித்து, ஜாம் போத்தலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தேன். விடிந்து பார்த்தால் ஆறுக்கும் கண்ணாடிச் சிறகு! அண்ணன்தான் மாற்றிவிட்டான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாய்ந்து அவன் கையைக் கடித்தேன்.

"நான் தொடவேயில்ல, சத்தியமா!" என்று அலறினான்.

மாமா வந்து எங்களை விலக்கிவிட்டு, போத்தலை வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே ஆறு வெறுந்தோல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்று வால்.

"இஞ்ச பாரு புள்ள. ரெண்டும் ஒண்டுதான். சிறகு முளைச்சுப் பறந்த பிறகும் இன்னொருக்காத் தோல் கழட்டியிருக்கு."

"பொய் சொல்றீங்க மாமா. அண்ணன்தான் மாத்தினவன்."

"அப்ப வா, வாய்க்காலுக்குப் போய்ப் பாப்பம். அங்கயும் தோல் கிடக்கும்."

சொல்லிக்கொண்டே நடந்தார். நான் பின்னால் ஓடினேன். வாய்க்கால் ஓரத்துப் புல்லிலெல்லாம் தோல்கள். மாமா சேற்றில் இறங்கி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார், என்னைவிட அவருக்குத்தான் ஆசை அதிகம். அண்ணனைச் சும்மா கடித்துவிட்டேனே!

திரும்பி வந்தபோது அம்மா றோட்டில் நின்றார். கண் சிவந்திருந்தது. எனக்கு இன்று நல்ல பூசை என்று மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். அண்ணன் கையை நீட்டி முறையிட்டான். அம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாமாவின் காலில் ஒட்டியிருந்த வாய்க்கால் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கால் கழுவ வேணாம், அப்பிடியே வா தம்பி" என்றார்.

அடியிலிருந்து தப்பிய நான் உள்ளே ஓடினேன். அன்று எங்கள் வீட்டிலேயே அதிக சந்தோஷம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.