மனோகரும் நான்கு நிமிடத் துளிகளும்

மனோகர் காலமான செய்தி நம் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், யாரோ ஒருவருடைய பேத்திக்கு வந்து குவிந்த பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே வந்தது. அரை மணி நேரத்தில் செயலாளர் அழைத்தார். "நம்ம மலருக்கு அஞ்சலி நீங்கதான் எழுதணும் கோமதி மேடம். பன்னெண்டு வருஷம் ஒரே லேப். உங்கள விட யாருக்கு அவரத் தெரியும்?" நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹப்சிகுடா பக்கம் எங்கள் ஆய்வகம். ஒளி பட்டால் மாறும் திரவப் படிகத் துளிகள்தான் எங்கள் பிழைப்பு. நான் தயாரிப்பேன், மனோகர் நுண்ணோக்கியில் பார்ப்பார். துளிக்குள் மூலக்கூறுகள் நடுவிலிருந்து நாலாபக்கமும் விரிந்து நின்றால் ஒரு கறுப்புச் சிலுவை தெரியும். புற ஊதா ஒளி பட்டதும் அது கலைந்துவிடும். பிறகு இருட்டில் வைத்தால் தானாகத் திரும்பி வரும், ஆனால் மணிக்கணக்கில் ஆகும்; அந்த நேரத்தைக் குறைப்பதுதான் எங்கள் முயற்சி. சிவப்பு வெளிச்சம் இந்தத் துளிகளை ஒன்றும் செய்யாது. அதனால் விளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடி போட்டுத்தான் பார்க்க வேண்டும். வெள்ளை வெளிச்சம் பட்டால் அதுவே சிலுவையை இழுத்து வந்துவிடும். எங்கள் வேலையில் முதல் நாள் படிக்கும் பாடம் இது.

ஒருநாள் மத்தியானம் மனோகர் உள்ளிருந்து கத்தினார். "கோமதி, சிலுவை வந்துடுச்சு! இருட்டுல நாலே நிமிஷம்!" நான் துள்ளிக் குதித்தேன். அவர் மட்டும் நிதானமாக, "நக்கோ, நக்கோ, அவசரப்பட வேணாம். ஒரு தடவ பாத்தது பாத்ததே இல்ல. மூணு தடவ பாக்கணும்" என்றார். மூன்று தடவையும் அவரேதான் பார்த்தார். நான் எட்டிப் பார்க்கவில்லை. என் அப்பா ரயில்வே ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும் தினமும் என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்ட மனிதரை எதற்குச் சந்தேகப்பட வேண்டும்?

கட்டுரை வெளியானது. வேறு ஆய்வகத்தில் செய்து பார்த்தார்கள், நான்கு நிமிடத்தில் எதுவும் வரவில்லை. விசாரணைக் குழு உட்கார்ந்தது. விளக்கெல்லாம் ஒழுங்காக இருந்ததா என்று கேட்டார்கள். "எல்லாம் முறைப்படிதான் சார்" என்றார் மனோகர், என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே. அப்படியானால் தப்பு துளியில்தான். துளி என்னுடையது. கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். கருவி வாங்கும் பிரிவுக்கு என்னை மாற்றினார்கள், ஓய்வு பெறும்வரை அங்கேதான் கிடந்தேன். விசாரணை முடிந்த அன்று மனோகர் கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்து, "விடுங்க கோமதி, யாருக்கும் கை தவறும்" என்று ஆறுதல் வேறு சொன்னார். எந்தக் குடுவையைச் சரியாகக் கழுவாமல் விட்டேன் என்று நான் வருடக்கணக்கில் யோசித்திருக்கிறேன். பாத்திரம் தேய்க்கும்போதுகூட.

பதினோராம் நாள் சைனிக்புரியில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பத்மஜா தெலுங்குக்காரர். கல்யாணத்துக்குப் பிறகு பேசக் கற்றுக்கொண்ட தமிழ் அவருடையது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அப்பவே அவருக்குக் கண்ணு போயிட்டு இருந்துச்சு அக்கா. அந்த சிவப்பு கிளாஸ் போட்டா ஒரே இருட்டு, ஒண்ணுமே கனபடாது. தெரிஞ்சா மைக்ராஸ்கோப் பக்கமே விடமாட்டாங்கன்னு பயம். கழட்டிட்டுப் பாத்திருக்காரு."

அப்படியானால் நான்கு நிமிடத்தில் சிலுவையை இழுத்து வந்தது விளக்கின் வெள்ளை வெளிச்சம், என் துளியில் தப்பே இல்லை. பத்மஜா நிறுத்தவில்லை. "உங்க பேரு கெட்டப்போ அவர்கிட்ட ரொம்ப சண்ட போட்டேன். அதுக்கு அவரு, கோமதிகிட்ட எல்லாம் சொல்லிட்டேன், பரவாயில்ல மனோகர்னு சொல்லிட்டாங்கன்னாரு. அதுக்கப்புறம்தான் நான் அவர்கூட நிம்மதியா இருந்தேன். உங்க மனசு யாருக்கு வரும் அக்கா?"

மனோகர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கண் போனதை மன்னித்திருப்பேன், பயந்ததையும் மன்னித்திருப்பேன். என்னைக் கேட்காமலே என் மன்னிப்பை எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பத்மஜா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாம்மா, அப்பவே சொன்னார்" என்றேன்.

அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் உண்மை தெரிய வேண்டும், என் துளிகளில் குறையில்லை என்பதும் தெரிய வேண்டும். அதற்காகத்தான் எழுதினேன். பத்மஜாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தயவுசெய்து யாரும் இதை அவருக்கு வாசித்துக் காட்டிவிடாதீர்கள். மனோகர் எனக்கென்று விட்டுப்போனது அந்தப் பொய் ஒன்றுதான். இனி அதை நான்தான் காப்பாற்ற வேண்டும்.