கெபிஸோஸுக்கு நேர்ந்த முடி

லிலாயா ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போன முதல் நாளே அர்கிப்பே அக்காவிடம் திட்டு வாங்கினேன். கெபிஸோஸ் ஆற்றுத் துறையில் கால் வைக்கப் போனவனை, கரையில் கம்பளியை மிதித்துத் துவைத்துக்கொண்டிருந்த அவள்தான் நிறுத்தினாள்.

"யோவ், கையக் கழுவாம எங்க இறங்குற?"

"கடக்கும்போது கையும் நனையத்தானக்கா போகுது."

"கழுவிட்டு, தண்ணியப் பாத்து ரெண்டு வார்த்தை கும்பிட்டுட்டுப் போ. ஆத்துச்சாமி வீட்டுக்குள்ள அழுக்குக் கையோடவா நுழைவாங்க? ஏதென்ஸ்ல இதத்தான் சொல்லிக்குடுத்தாங்களா?"

என் புது மேலாடையை வைத்தே ஏதென்ஸ் என்று கண்டுகொண்டாள். எனக்கு உள்ளூரப் பெருமைதான். அப்பா பர்னாசோஸ் மலையில் ஆடு மேய்க்கிறவர். எங்கள் வம்சத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். அது நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் அதைப் போட்டிருந்தேன்.

அவளுக்குப் பக்கத்தில் ஒரு பையன் துணி பிழிந்துகொண்டு சிரித்தான். இடுப்பு வரை சடை. அவள் மகன் தெலெசோன்.

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை பிறந்தால் உச்சியில் ஒரு பிடி முடியை ஆற்றுக்கென்று நேர்ந்துவிடுவார்கள். மீசை அரும்பியதும் வசந்தத் திருவிழாவில் கரையில் உட்காரவைத்து வெட்டித் தண்ணீரில் விடுவார்கள். அதோடு பிள்ளை ஆற்றின் கையிலிருந்து ஊரின் கைக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம். அர்கிப்பேக்கு வெகுநாள் பிள்ளை இல்லை. இதே துறையில் அழுது புரண்டு வாங்கிய பிள்ளை தெலெசோன். அவன் பிறந்த கொஞ்ச நாளில் புருஷன் போய்ச்சேர்ந்துவிட்டான்.

நான் லிலாயாவுக்குப் போன அந்த வருஷத்துத் திருவிழாவில் தெலெசோன் முடி கொடுத்திருக்க வேண்டும். மற்றப் பையன்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மறுநாள் பார்த்தால், அவன் கோயிலுக்குப் பின்னால் பந்தாடிக்கொண்டிருக்கிறான்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணினீங்க?" என்று கேட்டேன்.

"கூலிப்படைக்குப் போறேங்கிறான் தம்பி. கடலுக்கு அந்தப்பக்கம், பாரசீகக்காரன் நாட்டுக்கு. நான் சொன்னாக் கேக்கமாட்டான். முடியக் குடுத்துட்டா ஆத்துக்கும் அவனுக்கும் தீந்துபோச்சு. குடுக்காம வெச்சிருந்தா ஆறு விட்டுருமா? எங்க போனாலும் இழுத்துட்டு வந்துரும். வந்ததும் ஜாம்ஜாம்னு குடுத்துருவோம்."

ஊர்ப் பெண்கள் துறையில் அவளைச் சும்மா விடவில்லை. "அர்கிப்பே, ஒம் மகனுக்கு மாப்பிள்ளை பாக்கவா?" என்பார்கள். அவனும் சேர்ந்துகொள்வான்.

"அம்மா, படைப் பாளையத்துல எவனாவது என்னைப் பொண்ணு கேட்டு வந்தா என்ன சொல்ல?"

"எங்கம்மாவக் கேளுன்னு சொல்லு. இங்க வரைக்கும் அவன் வரட்டும், நீயும் கூட வந்துருவேல்ல."

அறுவடை முடிந்ததும் அவன் போனான். சடையைச் சுருட்டித் தலைக்கவசத்துக்குள் அவளே வைத்துக் கட்டினாள்.

அடுத்தடுத்த திருவிழாக்களில் அவள் கரைக்கு வந்து நின்றாள். மற்றப் பிள்ளைகளின் முடி மிதந்து போவதைப் பார்த்து, "எங்களோடது பாக்கி இருக்கு சாமி, மறந்துராத" என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லுவாள்.

பிறகு மிக்கோன் வந்தான். தெலெசோனோடு போனவன், இப்போது ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறான். துறைக்கே வந்து அவள் முன்னால் உட்கார்ந்தான். நான் கூட இருந்தேன்.

"வயித்துக் கடுப்புலதான் போனான் அத்தை. சண்டையில இல்ல. ரொம்ப நாள் கஷ்டப்படல."

அவள் கம்பளியிலிருந்து காலை எடுக்கவில்லை.

"முடி?"

மிக்கோன் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்: "அதை முன்னாடியே குடுத்துட்டான் அத்தை. அங்க மையாண்டர்னு ஒரு ஆறு. பயலுக கேலி தாங்கல அவனுக்கு. 'ஆறெல்லாம் ஒரே அப்பன் புள்ளைங்கதானடா, உலகத்தச் சுத்தி ஓடுற ஓக்கியானோஸோட மக்கள். இவரு எங்க ஊரு ஆத்துக்குச் சொல்லிருவாரு'ன்னுட்டு வாளால அறுத்துப் போட்டான். தலை லேசா இருக்குடான்னு அன்னைக்கெல்லாம் சிரிச்சுக்கிட்டே இருந்தான்."

"எங்க வெச்சீங்க அவனை?"

"அந்த ஆத்தங்கரையிலதான்."

"அப்ப வாங்கினவரு வெச்சுக்கிட்டாரு," என்றாள். பிறகுதான் உட்கார்ந்தாள். அவள் அழுத சத்தம் எனக்கு இப்போதும் சொல்ல வராது. அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "இங்க வெட்டியிருந்தா இந்த ஊருப் புள்ளையா இருந்திருப்பான். நாந்தான் அவன் தலையில வெச்சு அனுப்புனேன்."

அன்று தன் தலைமுடியை ஒட்ட அறுத்து ஆற்றில் போட்டாள். நரைத்த முடி ஓடவில்லை. துறைக்குக் கீழே நாணலில் சிக்கிக்கொண்டது. செத்த வீட்டு முடி கிடக்கும் தண்ணீரில் துவைக்கமாட்டோம் என்று பெண்கள் ஒதுங்கினார்கள். அவளே இறங்கி, ஒவ்வொரு இழையாகப் பிரித்து எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

சில நாள் கழித்து என் வகுப்பு வாசலுக்கு வந்தாள்.

"தம்பி, நீ படிச்சவன். நம்ம ஆறு கடலுக்குப் போகுதா?"

"கோப்பாய்ஸ் ஏரியில போய் விழுதுக்கா. ஏரிக்கரைப் பாறையில பொந்துங்க இருக்காம், அதுக்குள்ள இறங்கி, லாரிம்னாங்கிற ஊருகிட்ட வெளிய வந்து கடல்ல சேருதுன்னு சொல்றாங்க. நான் பாத்ததில்ல."

"அந்த மையாண்டரு?"

"அது நேரா கடல்லதான்."

"அப்ப ரெண்டு ஆறும் அங்க பாத்துக்குவாங்க. அண்ணன் தம்பிதான, நம்மவரு கேட்டா எம் புள்ளையக் குடுக்காமலா போயிருவாரு."

இல்லை என்று சொல்ல என் படிப்பில் ஒன்றும் இருக்கவில்லை. மறுநாள் அவள் வீடு பூட்டியிருந்தது.

போன குளிர்காலத்தில் அவளைத் தேடி லாரிம்னாவுக்குப் போனேன். பாறைக்கடியிலிருந்து ஆறு குபுகுபுவென்று வந்து கடலில் விழும் இடத்தில் உட்கார்ந்து மீன்கூடை கழுவிக்கொண்டிருந்தாள். ஊருக்குக் கூப்பிட்டேன்.

"தண்ணி எந்நேரமும் வெளியதான் போகுது தம்பி," என்றாள். "கடல்லருந்து ஒண்ணும் உள்ள வரக் காணோம். ஒருநாள் கூட வரக் காணோம்."

"அப்புறம் எதுக்கு இங்க இருக்கீங்க?"

"அவன் வந்தா இப்படித்தான வரணும்."

அர்கிப்பே இப்போது லாரிம்னாவில் இருக்கிறாள். உப்புமீன் போடும் ஒரு வீட்டில் வேலை. முடியை வளரவிடவில்லை. லிலாயாவில் அவள் வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது.