நாளைக்கு அறுக்கப் போகிறோம்

குத்தாலத்து டுட்டோரியலில் எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்த சார் இலக்கணத்தைப் பிரம்பால்தான் விளக்குவார். எஸ்.எஸ்.எல்.சி. தவறியவர்கள் நாங்கள். மீசை முளைத்த ஆண்களும் என்னைப் போன்ற பெண்களும் இருந்தார்கள். வயது பார்க்காமல் அடி விழும்.

"கோபத்துல அந்த நிமிஷம் வாயில வந்தா ஐ வில் பீட் யூ. முன்னாடியே முடிவு பண்ணிப் பிரம்பையும் எடுத்துட்டேன்னா ஐ ஆம் கோயிங் டு பீட் யூ" என்றவர், முன்வரிசைக்காரன் முதுகில் ஒன்று வைத்தார்.

பிறகு நாளைக்கு என்ன செய்யப் போகிறோம் என்று ஆளுக்கொரு வாக்கியம் கேட்டார். பக்கத்து வரிசையில் எங்கள் ஊர் மிராசுதார் மகன். அவர்கள் நிலத்தைத்தான் அப்பா குத்தகைக்குப் பயிரிட்டார். குத்தகைக்காரரைக் கிளப்பக் கூடாதென்று சட்டம் வந்திருந்தது. அது தாலுகா ஆபீஸில் பதிவாவதற்குள் அப்பாவை விரட்டிவிட வேண்டும் என்று மிராசுதாருக்கு வெறி.

மகன் எழுந்தான். பிரம்பைப் பார்த்துக்கொண்டே, "டுமாரோ வீ ஆர் கோயிங் டு ஹார்வெஸ்ட் த கெனால் ஃபீல்ட்" என்றான்.

"ஏற்பாடு இருந்தாத்தான் கோயிங் டு. என்ன ஏற்பாடு?"

"வெளியூர் ஆளுங்க வர்றாங்க சார். லாரில."

வாய்க்கால் வயலில் நின்றது எங்கள் குறுவை நெல். என் முறை வந்தபோது அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் விழுந்த அடி உறைக்கவுமில்லை.

வீட்டுக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். அப்பா அரிவாளைத் தீட்ட உட்கார்ந்தார். "அவங்க வர்றதுக்குள்ள நாம இறங்கிடணும்."

விடியும்போது எங்கள் தெருவே வயலில் இருந்தது. பாதி அறுப்பதற்குள் லாரி வந்துவிட்டது. இறங்கிய கையோடு தடியால் அடித்தார்கள். குனிந்திருந்த சித்தப்பா அப்படியே சேற்றில் முகம் புதைந்து விழுந்தார். அப்பாவின் வலது கையை வரப்பில் வைத்து மிதித்து, மணிக்கட்டில் அரிவாளால் வெட்டினார்கள். அவர் கத்தியது இன்றும் என் காதில் மனிதக் குரலாகக் கேட்பதில்லை.

நான் அப்பாவிடம் ஓடினேன். மிராசுதார் மகன் தடியோடு குறுக்கே வந்தான்.

"நீதான் போய்ச் சொன்னியா?"

"நீதான்டா சொன்னே!"

அதுவரை அவனை 'நீங்க' என்று மட்டுமே கூப்பிட்டிருந்தேன். தடி என் வலது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கதிர் அரிவாளை இடது கைக்கு மாற்றினேன். வீசினேன். அவன் முழங்கைக்குக் கீழே சதை பிளந்து தொங்கியது. அவன் வாயைப் பிளந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் பயம் வரவில்லை. இன்னொரு முறை ஓங்கினேன். அம்மாதான் என் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு லாரி திரும்பியது. போலீஸ் வந்து எங்கள் ஆண்களைத்தான் ஏற்றிக்கொண்டு போனது. மிச்சக் கதிரைப் பெண்கள் அறுத்துக் களம் சேர்த்தார்கள். அன்று யாரும் தடுக்க வரவில்லை. பெண்பிள்ளையிடம் வெட்டுப்பட்டதைச் சொல்ல வெட்கமோ என்னவோ, யார் வெட்டியதென்று தெரியாது என்றே அவன் வாக்குமூலம் கொடுத்தான். டுட்டோரியல் பக்கம் அவனும் வரவில்லை, நானும் போகவில்லை.

சித்தப்பா பிழைத்தார். ஆனால் பேச்சு திரும்பவில்லை. வழக்கு இழுத்துக்கொண்டே போய், கடைசியில் குத்தகை அப்பா பெயரில் பதிவானது. நரம்பு அறுந்த அவர் வலது கை விரல்கள் மடங்கவே இல்லை. சம்பா உழவுக்கு அம்மா ஏர் பிடித்தாள். பொம்பளை கலப்பையைத் தொட்டால் மழை பெய்யாது என்று வரப்பில் நின்று சிலர் ஏசினார்கள். அவள் மாட்டை அதட்டிக்கொண்டே போனாள்.