அச்சடிக்க மறுத்த கம்ப்யூட்டர்

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு ஜன்னத் என்னைத் திட்டினாள். சிரித்துக்கொண்டேதான்... ஆனாலும் திட்டு திட்டுதானே?

ஜன்னத் மும்பை தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிப் பெண். கோபர்கைரனேயில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஞாயிறானால் தாராவியில் உள்ள எங்கள் தொழிலாளர் உதவிச் சங்கத்துக்கு வந்து காசு வாங்காமல் உழைப்பாள். நான் மாட்டுங்காவிலிருந்து வந்துபோகும் செயலாளர்.

பட்டறைத் தொழிலாளர்கள் தங்களைக் காட்டிக்கொள்ளாமல் புகார் அனுப்ப ஒரு வழி கேட்டோம். ஆளை மறைக்கிற நெட்வொர்க் ஒன்றின் வழியாகக் கடிதம் வந்து சேர ஏற்பாடு செய்தாள். வந்த கடிதத்தை எந்த புரோகிராம் தொடலாம் என்று கம்ப்யூட்டருக்கே ஒரு சட்டமும் எழுதினாள். திரையில் படிக்கலாம். பிரிண்ட், பென் டிரைவ், ஈமெயில் – எதுவும் கூடாது. அட்மின் பாஸ்வேர்டு இருந்தாலும் கூடாதாம்!

"ஏன்டி, நான் செகரட்டரி. எனக்குமா?"

"உங்களுக்குத்தான் ஆன்ட்டி முதல்ல."

ஆனால் ஆரம்பத்தில் அந்தச் சட்டம் எதையும் தடுக்காது. மீறலைக் குறித்து மட்டும் வைக்கும். "எல்லாம் ஒழுங்கா ஓடுதுன்னா சொல்லுங்க, இறுக்கிருதேன்" என்றாள்.

நான் சொல்லவே இல்லை. ஏன் சொல்வேன்? பிரிண்ட் ஜோராக வந்துகொண்டிருந்ததே! எங்கள் கமிட்டியில் ஏழு பேர். எந்தக் காகிதம் வந்தாலும் ஏழு பிரதி, ஆளுக்கொன்று, வடா பாவோடு. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து வழக்கம்.

அந்த ஞாயிறு ஜன்னத் குறிப்பைத் திறந்து சத்தமாகப் படித்தாள். "பிரிண்டர். தடுத்திருக்கணும், விட்டாச்சு. பிரிண்டர். தடுத்திருக்கணும், விட்டாச்சு... அரே ஆன்ட்டி, என்ன பண்ணுதீங்க?"

எங்கள் பில்டிங் வாட்ச்மேனும் இப்படித்தான். வருகிறவர் பெயரையெல்லாம் ரெஜிஸ்டரில் எழுதுவார். எல்லாரையும் உள்ளேயும் விடுவார். நாங்களும் பத்திரமாக இருப்பதாக நினைத்துத் தூங்குகிறோம்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அப்படிப் பிரிண்ட் ஆனது ஒரு பெண்ணின் கடிதம். தோல் பை தைக்கும் பட்டறை. வேலை நேரத்தில் முதலாளி கதவை வெளிப்பக்கமாகப் பூட்டிவிடுகிறார். தீப்பிடித்தால்? எந்தப் பட்டறை என்று மட்டும் சொல்லவில்லை. கடைசியில் கேட்டிருந்தாள்: 'இத யாரு யாரு படிப்பீங்க? நான்தான்னு தெரிஞ்சா வேலையும் போயிரும், அவரு குடுத்த ரூமும் போயிரும்.'

'நாங்க மட்டும்தாம்மா. நம்பு' என்று அதே வழியில் பதில் போட்டிருந்தேன். அதோடு அவள் பேச்சே இல்லை.

"நாங்கன்னா எத்தன பேரு ஆன்ட்டி?" ஜன்னத் இப்போது சிரிக்கவில்லை.

ஏழு பேர். அதில் ஒருவர் அதே தோல் பட்டறைகளுக்கு ஜிப் சப்ளை செய்கிறவர். நல்ல மனிதர்தான்... டீக்கடையில் கொஞ்சம் வாய் நீளம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஜன்னத் சட்டத்தை இறுக்கினாள். "இப்ப அழுத்திப் பாருங்க."

அழுத்தினேன். 'அனுமதி இல்லை.' இரண்டாம் தரம் கோபமாக அழுத்தினேன். அதற்கும் அதே பதில். கம்ப்யூட்டருக்குச் செயலாளர் என்றால் ஒரு மரியாதை வேண்டாமா?

பிறகு அந்தப் பெண்ணுக்கு உள்ளதை எழுதினேன். 'போன கடிதத்தை ஏழு பேர் படித்துவிட்டோம். தப்பு என்னுடையது. பிரதிகளைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுகிறேன். இனி நானும் இந்தக் கம்ப்யூட்டரைக் கவனிக்கும் பெண்ணும்தான். நானே ஆசைப்பட்டாலும் இதை வெளியே எடுக்க முடியாது. இப்போதுதான் முயன்று தோற்றேன்.'

மூன்று நாள் ஒன்றும் இல்லை. அதற்குள் ஏழு பிரதியையும் வாங்கிக் கிழித்து முடித்தேன். புதன்கிழமை அவள் பதில் வந்தது: சந்தின் பெயர், மாடி, பூட்டுகிற நேரம். வெள்ளிக்கிழமை அரசாங்கத் தொழிலாளர் ஆபீஸ் ஆட்களோடு போய், அந்தப் பூட்டைக் கழற்ற வைத்தோம்.

'நம்பு' என்று நான் சொன்னபோது அவள் நம்பவில்லை. என் கையைக் கட்டிவிட்டார்கள் என்றதும் நம்பிவிட்டாள் – புத்திசாலி!