நடுக்கடலில் போட்ட பல்

என் மகனின் பல் அச்சு எங்கள் வீட்டில் இல்லை. பத்து காவான் என்ற ஊரில், என் அலுவலக மேசையின் கீழ் இழுப்பறையில், அட்டைப் பெட்டி ஒன்றில் அவன் பெயர் எழுதி ஒட்டப்பட்டு இருக்கிறது. பள்ளி வாத்தியக் குழுவில் அவன் டிரம்பெட் ஊதுகிறான். டிரம்பெட் ஊதுகிறவனுக்கு முன்பல்தான் அஸ்திவாரம். பல் நன்றாக இருக்கும்போதே ஓர் அச்சு எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் ஏதாவது ஆனாலும் அதே அளவில், அதே சாய்வில் புதுப்பல் கட்டிவிடலாம். இதை எனக்குச் சொன்னவர் பல் மருத்துவர் அல்ல, என் சித்தப்பா. அதை வீட்டில் மட்டும் வைக்காதே என்று சொன்னவரும் அவர்தான். சித்தி வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருவார். வந்தால் அலமாரிகளை ஒழுங்குபடுத்தாமல் போகமாட்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். டத்தோ கிராமாட் பகுதியில் ஒரே வீட்டில் நாங்களும் சித்தப்பாவும் சித்தியும் இருந்தோம். அப்பாவும் சித்தப்பாவும் குமாஸ்தாக்கள். மாலையில் வீடு திரும்பியதும் அப்பா செய்தித்தாளை விரிப்பார், சித்தப்பா டிரம்பெட் பெட்டியைத் திறப்பார். ஓய்வுபெற்ற போலீஸ்காரர்களும் சில குமாஸ்தாக்களும் சேர்ந்து நடத்திய வாத்தியக் குழுவில் அவர்தான் முதல் டிரம்பெட். பள்ளி விளையாட்டு விழா, தேவாலய ஊர்வலம், சீனர் வீட்டுச் சாவு என்று எதற்கு அழைத்தாலும் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகப் புறப்பட்டுவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரம்பெட்டுக்குக் குளியல். பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் பழைய துண்டை விரித்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுவார். சூடு அதிகமானால் மேல்பூச்சு உரிந்துவிடும் என்பதால் முதலில் முழங்கையை விட்டுப் பார்ப்பார். மூன்று வால்வுகளும் வெளியே வந்து ஒரு துணியில் வரிசையாகப் படுக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய்விடக் கூடாது, போனால் காற்று வழி அடைத்துக்கொள்ளும். குழாய்களுக்குள் நுழைய நீளமான வளையும் தூரிகை, ஊதுவாய்க்குச் சின்னத் தூரிகை, துடைக்க மஞ்சள் துணி. எல்லாம் காய்ந்த பிறகு வால்வுகளுக்கு எண்ணெய், இழுகுழாய்களுக்குக் கிரீஸ்.

சித்தி பக்கத்தில் உட்கார்ந்து கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டே என்னிடம் புகார் சொல்வார். "பாரு பாப்பா, கல்யாணம் கட்டி இத்தனை வருசமாச்சு, எனக்கு ஒரு நாளு சுடுதண்ணி வச்சுக் குடுத்ததில்ல."

"நீ துருப் பிடிக்கமாட்டே லா," என்பார் சித்தப்பா, தலையை நிமிர்த்தாமல்.

தன் வாயையும் அவர் அதே கவனத்தோடுதான் வைத்திருந்தார். வாசிக்கப் போகும் நாளில் காரமான கறி கிடையாது, உதடு எரிந்து வீங்கிவிடும். பலகாரம் சாப்பிட்டால் வாய் கொப்பளிக்காமல் ஊதமாட்டார், அந்த இனிப்பெல்லாம் குழாய்க்குள் போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் தணிந்த, நீண்ட ஸ்வரங்கள். கொஞ்ச நேரம் ஊதினால் அதே அளவு ஓய்வு. மேல் ஸ்வரத்தைப் பிடிக்க ஊதுவாயை உதட்டில் வைத்து அழுத்துகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. காற்றால் ஏற வேண்டிய இடத்துக்குக் கையால் ஏறப் பார்க்கிறான் என்பார்.

சித்திக்கு டிரம்பெட்டோடு சண்டை இல்லை. அது போய்வரும் இடங்களோடுதான் சண்டை. சீனர் வீட்டுச் சாவுக்கு ஊதப் போனால் தீட்டு ஒட்டாமல் இருக்க வாத்தியக்காரர்களுக்குச் சிவப்பு நூலும் மிட்டாயும் கொடுப்பார்கள். நூலை வாசலுக்கு வெளியிலேயே போட்டுவிட்டு, பின்பக்கக் குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் சித்தப்பா உள்ளே வர வேண்டும். டிரம்பெட் பெட்டியின் மேலும் மஞ்சள் தண்ணீர் தெளிக்கப்படும். பெட்டிக்கு மட்டும்தான், உள்ளே இருப்பதன் மேல் ஒரு சொட்டுக்கூட விழக் கூடாது என்பது அவர்களுக்குள் உடன்பாடு. எங்களுக்கெல்லாம் இது வேடிக்கை. சித்திக்கு வேடிக்கை இல்லை. அவருக்கு இரண்டு முறை பிள்ளை தங்காமல் போயிருந்தது. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில் போனது. அதற்கு முந்திய வாரம் சித்தப்பா ஒரு பெரிய சாவுக்கு ஊதிவிட்டு வந்திருந்தார். மருத்துவர்களுக்கு வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை. சித்தி தாமே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டார்.

பல் அச்சு விஷயம் இந்தச் சமயத்தில்தான் நடந்தது. சித்தப்பாவுக்கு முன்னால் முதல் டிரம்பெட்டாக இருந்த யுரேஷியர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து முன்பற்களை இழந்தார். அதோடு அவருடைய ஊதலும் போயிற்று. நீங்களாவது இப்போதே அச்சு எடுத்து வையுங்கள் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர் சித்தப்பா ஒருவர்தான். ஒரு சீனப் பல் மருத்துவரிடம் போய், மேல்வரிசைக்கு ஒன்றும் கீழ்வரிசைக்கு ஒன்றுமாக வெள்ளைச் சாந்தில் இரண்டு அச்சுகள் எடுத்து வந்தார். யாருடையது என்று தமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மருத்துவர் அவற்றின் அடியில் பென்சிலால் சீனத்தில் எழுதியிருந்தார். சித்தப்பா அவற்றை டிரம்பெட் துடைக்கும் மஞ்சள் துணியில் சுற்றி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் தொப்பிக்குப் பின்னால் வைத்தார். சித்தியிடம் சொல்லவில்லை. விழுந்து பல் உடைந்தால் என்று ஆரம்பித்தாலே, நடக்காததைச் சொல்லி வரவழைக்காதீங்க என்று சித்தி தடுத்துவிடுவார்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள். குழு தைப்பிங்குக்குப் போயிருந்தது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். பழைய தொப்பியை வெயிலில் வைக்கலாம் என்று சித்தி மேல்தட்டில் கைவிட்டார். டின் சரிந்து விழுந்தது. மூடி ஒரு பக்கம் உருள, மஞ்சள் துணி அவிழ்ந்து, முகமே இல்லாத ஒரு வாய் தரையில் கிடந்து எங்களைப் பார்த்துச் சிரித்தது.

மேல்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறியிருந்தது. தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் பல் அது. ஆனால் கூட வாழ்கிறவரின் பல்லை முகத்திலிருந்து தனியாகப் பிரித்து யார் பார்த்திருக்கிறார்கள்?

சித்தி கத்தவில்லை. என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டார். அந்த அக்கா வாசற்படி தாண்டாமலே எட்டிப் பார்த்தார்.

"பொணத்துக்கு ஊதப் போறவரு வீட்டுல பல்லு வந்து உக்காந்திருக்குன்னா என்னா அர்த்தம்? மஞ்சத் துணியில சுத்தி, எவனோ எழுத்து வேற எழுதியிருக்கான். சும்மா வராது லா இதெல்லாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு வச்சிருக்கான், பாத்தியா?" என்றார்.

இரண்டு என்ற சொல்லுக்குப் பிறகு சித்தி வேறெதையும் கேட்கவில்லை.

மறுநாள் காலை துணைக்கு என்னை அழைத்துக்கொண்டு ஃபெர்ரி ஏறினார். அக்கரையில் பேருந்து பிடித்துச் சுங்கை பாக்காப்புக்குப் போனோம். அங்கே ஒரு தோட்டத்துக் கோயில் பூசாரியைப் பற்றி எதிர்வீட்டு அக்கா சொல்லியிருந்தார். பூசாரி டின்னைத் தொடவில்லை, தூரத்திலிருந்தே பார்த்தார். சித்தி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். ஓடுகிற உப்புத் தண்ணீரில் இதை விட்டுவிட வேண்டும், விட்ட பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது, வீட்டுக்காரர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பும் ஃபெர்ரியில் நாங்கள் உட்காரவில்லை. ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இரண்டு கரையும் ஒரே தூரத்தில் தெரிகிறதா என்று சித்தி மாறிமாறிப் பார்த்தார். பிறகு என்னைக் கண்ணை மூடச் சொன்னார். மூடினேன், விரலிடுக்கு வழியாகப் பார்த்தேன். மஞ்சள் மூட்டை நேராகக் கீழே போய், மிதக்காமல், ஒரு சத்தமும் செய்யாமல் முங்கியது. சித்தி திரும்பிப் பார்க்கவே இல்லை. கரையில் இறங்கியதும் எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு, சிவப்புப் பாகு உதட்டில் ஒட்ட ஒட்ட முழுவதையும் சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிறு சித்தப்பா ஊரில் இருந்தார். டிரம்பெட் தொட்டியில் கிடந்தது. இன்னொரு துடைதுணி எடுக்க அலமாரிப் பக்கம் போனவர் திரும்பி வந்து, டின் எங்கே என்று கேட்டார். சித்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். பூசாரி சொன்னது, எழுத்து இருந்தது, இரண்டு இருந்தது, ஒன்றும் விடவில்லை.

"நடுக்கடல்லயா போட்ட?"

"ஆமாங்க. சரியா நடுவுல. திரும்பிக்கூடப் பாக்கல."

சித்தப்பாவின் முகம் சிரிக்கப் போகிறவரின் முகம்போல ஒரு கணம் அகன்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சித்தி, "இனிமே தங்கும்ங்க," என்றார்.

சித்தப்பா வாயை மூடிக்கொண்டார். "நல்லது செஞ்ச," என்றார். பிறகு வால்வுகளை எடுத்து மாட்டினார். முதலாவதின் இடத்தில் மூன்றாவதைப் போட்டார். நான்தான் பார்த்துச் சொன்னேன். சித்தப்பாவையே திருத்திவிட்டேன் என்று அன்று முழுவதும் எனக்குப் பெருமை.

அதன் பிறகு சித்தி மாறிப்போனார். பெட்டிக்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பதை மறந்தார். மதியம் தூங்கினார். சமைக்கும்போது பாடினார். சில மாதங்களில் அவர் மசக்கையாக இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. ஐந்தாம் மாதம் வந்தபோது யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த மாதம் முடிந்ததும் எல்லோரும் பேசினார்கள்.

அதற்கு அடுத்த மாதம், மழை விட்ட ஒரு மாலையில், வேலை முடிந்து வந்த சித்தப்பாவின் மோட்டார் சைக்கிள் வழுக்கியது. கைகால் தப்பித்தன. மேல் முன்பற்கள் இரண்டும் போயின. உதட்டில் தையல் போட்டு, பஞ்சைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தவரின் பக்கத்தில் சித்தி வயிற்றில் கையை வைத்தபடி நின்றார்.

"பிள்ளைக்கு வரவேண்டியது பல்லோட போச்சு. அன்னைக்கு அதத் தூக்கிப் போட்டதனாலதாங்க."

சித்தப்பா பஞ்சோடு தலையாட்டினார்.

அதே சீன மருத்துவர்தான் புதுப்பல் கட்டினார். முதலில் பழைய அச்சைக் கேட்டாராம். தொலைந்துவிட்டது என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். அச்சு இல்லாமல் மருத்துவர் தமக்குச் சரி என்று பட்டதைச் செய்தார். பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நேராக, அழகாக இருந்தன. பார்த்தவர்கள் எல்லாம் வயது குறைந்துவிட்டது என்றார்கள். டிரம்பெட்டுக்கு மட்டும் அது யாரோ ஒருவரின் வாய். காயம் ஆறியதும் சித்தப்பா பின்கட்டில் நின்று தணிந்த ஸ்வரங்களிலிருந்து தொடங்குவார். மேலே போகப் போகக் காற்று ஓரமாகக் கசிந்து, புஸ்ஸென்று ஸ்வரம் உடையும். ஊதுவாயை எடுக்கும்போது உதட்டில் சிவப்பாக ஒரு வளையம் பதிந்திருக்கும். அவரும் இப்போது அழுத்துகிறார் என்று நான் கவனித்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தச் சமயத்தில் ஒரு நாள் சித்தப்பா வேறொரு பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே யூஃபோனியம் இருந்தது. மார்போடு அணைத்துப் பிடித்து ஊத வேண்டிய பெரிய வாத்தியம் அது. அதன் ஊதுவாய் அகலமானது. முன்பற்கள் மேல் அவ்வளவு பாரம் விழாது என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

அன்று எனக்குப் புரியாத இதையெல்லாம் சித்தப்பா சொன்னது போன வருடம், என் மகனுக்குப் பள்ளியில் டிரம்பெட் கொடுத்த பிறகு. சித்தி பாசாருக்குப் போயிருந்தார். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாமே, இல்லையென்றால் மறுபடி ஓர் அச்சாவது எடுத்திருக்கலாமே என்று கேட்டேன்.

"அடுத்த வாரமே எடுக்கணும்னுதான் இருந்தேன்மா. எடுத்து எங்க வைக்கிறது? மறுபடி அவ கண்ணுல பட்டுச்சுன்னா? நிம்மதியா தூங்கிக்கிட்டு இருந்தா. எங்க வைக்கலாம், எங்க வைக்கலாம்னு யோசிச்சுக்கிட்டே இருந்துட்டேன்."

ஆபீஸில் வைத்திருக்கலாமே என்றேன்.

"அது இப்ப நீ சொல்றப்பதான் தோணுது," என்றார். வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. உடனே அவர், பலகாரம் தின்றுவிட்டு வாய் கொப்பளிக்காமல் ஊதவே கூடாது என்று என் மகனுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

சித்தப்பா யூஃபோனியத்தோடு வெளியில் வாசித்ததை நான் முதலில் பார்த்தது அந்தச் சின்ன வயதில், எஸ்பிளனேட் திடலில் நடந்த ஓர் அணிவகுப்பில். சித்தி கைக்குழந்தையோடு என் பக்கத்தில் நின்றார். குழுவின் முன்வரிசையில் டிரம்பெட்டோடு ஓர் இளைஞர் இருந்தார். சித்தப்பா பின்வரிசையில், சித்தி பிள்ளையை வைத்திருந்த மாதிரியே வாத்தியத்தை மார்போடு பிடித்திருந்தார். பக்கத்தில் நின்ற ஒரு சிறுமியிடம், எங்கள் சித்தப்பாவுக்குப் பெரியதைக் கொடுத்துவிட்டார்கள், சின்னதையெல்லாம் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

நடுவில் ஓரிடத்தில் டிரம்பெட் மட்டும் தனியாக மேலே ஏறியது. மற்றவர்கள் வாத்தியத்தை இறக்கிவிட்டு நின்றார்கள். சித்தப்பாவும் வாயை எடுத்துவிட்டார். ஆனால் அவருடைய மூன்று விரல்கள் டிரம்பெட்டின் ஸ்வரங்களோடு சேர்ந்து வால்வுகளின் மேல் வேகமாக அசைந்துகொண்டே இருந்தன. ஊதாமல் விரலை மட்டும் ஆட்டுகிறாரே, மறந்துவிட்டாரா என்று சித்தியிடம் கேட்டேன்.

"நம்மளத்தான் தேடுறாரு," என்றார் சித்தி. "கையக் காட்டு பாப்பா."

நான் கையைக் காட்டினேன்.